கொன்றவர்களின் விருந்து

ஒன்பதாம் அத்தியாயம்

மார்ச் மாதம் பதினான்காம் தேதி, வியாழக்கிழமை, பிற்பகல் இரண்டு மணி இருபது நிமிடத்துக்கு மூன்றாம் மாடி வீட்டின் நிலைமை பின்வருமாறு இருந்தது. அம்மா சன்னலோர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மகள் சின்னவள் அவருக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். வாரப் பத்திரிகையின் ஆசிரியர் மூன்று மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். சின்னவள் வேலைபார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையின் தலைமை அலுவலகம், அவளுடைய பதிலுக்காக மாலை ஐந்து மணி வரை காத்திருப்பதாக எழுதியிருந்தது.

ஆசிரியர் வருவது இருவருக்கும் தெரியும். அலுவலகக் கடிதம் சின்னவள் ஒருத்திக்கு மட்டுமே தெரியும். இருபத்தொரு நாள்களாக அது அவளுடைய கைப்பையின் அடியில் நான்காக மடிந்து கிடந்தது.

"தலையை இப்படியா இழுப்ப? பத்திரிகையிலேருந்து வர்றாங்க. வழுக்கையோட உக்காரச் சொல்றியா?"

"அசையாம இரும்மா. நீ ஆடினா வகிடு கோணும்."

"கோணல் வகிடோட என் படம் ஒண்ணுகூட வந்ததில்லை. இனிமேலும் வராது."

அம்மாவுக்கு எழுபத்தொரு வயது. நாற்பது ஆண்டுகளாகத் தொடர்கதை எழுதுகிறார். ஒரு வாரம் தவறியதில்லை. இப்போது ஓடுகிற தொடரின் இருபத்தைந்தாம் அத்தியாயத்துக்குப் பிறகு ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போயிற்று, கை நடுக்கம் தங்கிவிட்டது. அன்றுமுதல் அம்மா சொல்லச் சொல்லச் சின்னவள் எழுதினாள். நாளாக நாளாகச் சொல்வது குறைந்தது. "மிச்சத்தை எழுதிக்கோ, உனக்குத் தெரியாததா?" என்று அம்மா கண்ணை மூடிக்கொள்வார். முப்பத்தெட்டாம் அத்தியாயத்திலிருந்து ஒவ்வொரு எழுத்தும் சின்னவளுடையது. அம்மா செய்ததெல்லாம், அவள் படித்துக்காட்டும்போது குறுக்கிட்டுத் திருத்தியதுதான். தலைப்புக்குக் கீழே மட்டும் அம்மாவின் பெயர் இருந்தது. இது வீட்டுக்கு வெளியே ஒருவருக்கும் தெரியாது.

பகல் முழுவதும் கடையில் பிறர் கண்களைச் சோதிப்பாள். மாலையில் வீட்டுக்கு வந்து, இல்லாத ஒரு குடும்பத்துக்கு உலை வைப்பாள். இருக்கிற குடும்பத்துக்கும் அவள்தான். வயது முப்பத்தெட்டு, கல்யாணம் என்ற சொல் அந்த வீட்டில் ஐந்தாறு ஆண்டுகளாகப் புழக்கத்தில் இல்லை. கட்டடத்தின் லிஃப்ட் ஏழு மாதமாக நின்றுகிடக்கிறது. அம்மாவால் மூன்று மாடி இறங்க முடியாது. ஆகவே அம்மா ஏழு மாதமாகத் தெருவைப் பார்த்தது அந்தச் சன்னல் வழியாகத்தான். சின்னவள் தினமும் இறங்கித் தெருவில் நடந்தாள் என்றாலும், மாலை ஆறரைக்குத் திரும்பிவரும் தூரம் வரைதான் நடந்தாள்.

இந்நிலையில்தான், இரவு ரயிலில் ஏறினால் மறுநாள் காலை போய்ச்சேரும் தொலைவிலுள்ள ஓர் ஊரில் புதுக்கிளை திறக்கிறோம், இரண்டு ஆண்டுகளுக்கு அதன் பொறுப்பு உன்னுடையது என்று கடிதம் வந்திருந்தது.

"என்னடி, சீப்பைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிற?"

"ஒண்ணுமில்லை. முடிஞ்சது."

"இந்தப் பத்திரிகைப் பொண்ணு எதுக்கு வர்றா தெரியுமா? ஐம்பதாம் ஆண்டு மலருக்கு அந்த விருந்தைப் பத்திக் கேக்க. அங்க இருந்தவங்கள்ல நான் ஒருத்திதான் பாக்கி." இதைச் சொல்லும்போது அம்மாவின் முகம் பரிசு வாங்கப்போகிற பள்ளிக்கூடத்துப் பெண்ணின் முகமாக இருந்தது.

ஆசிரியர் மூன்று மணி ஐந்து நிமிடத்துக்கு மூச்சிரைக்க வந்துசேர்ந்தார். முப்பத்துநான்கு வயதுப் பெண். பதவிக்கு வந்து எட்டு மாதம்.

"மன்னிச்சுக்குங்கம்மா, அஞ்சு நிமிஷம் தாமதம்."

"படியைக் கழிச்சா சரியாத்தான் வந்திருக்கே. உக்காரு."

சின்னவள் காபி போடச் சமையலறைக்குள் போனாள். முன்னறைக்கும் சமையலறைக்கும் நடுவில் சுவர் பாதிதான். அங்கே பேசுவது இங்கே கேட்கும். அந்த வீட்டில் ஒருவர் தனியாக இருக்கும்படியான இடம் குளியலறை ஒன்றே. அங்கேயும் ஐந்து நிமிடத்துக்கு மேல் போனால் அம்மா கதவைத் தட்டுவார்.

"முப்பத்தொரு வருஷம் ஆச்சு," என்று அம்மா தொடங்கினார். "அழைப்பிதழ்ல ஒரே வரி. 'நீங்கள் கொன்றவராக வாருங்கள்.' எங்க வீட்டுக்காரர் வாசிச்சுட்டு, இதை வெளியில காட்டாதே, போலீஸ் வந்துடும்னார்."

ஆசிரியர் சிரித்துக்கொண்டே எழுதினார்.

விஷயம் இதுதான். பத்திரிகையில் தொடர் எழுதும் ஒவ்வொருவரும், தம் கதையில் தாமே சாகடித்த ஒரு பாத்திரத்தின் வேடத்தில் வரவேண்டும். இடம் அச்சகத்தின் மேல்மாடி. காகிதக் கட்டுகளைச் சுவரோரமாகத் தள்ளி நடுவில் இடம் செய்திருந்தார்கள். வாசலில் மேசை போட்டுப் பழைய ஆசிரியர் உட்கார்ந்திருந்தார். அவருக்கு முன்னால் நீளமான ஒரு பதிவேடு; பக்கத்தில் ஒரு கைமணி. வருகிறவர் இறந்தவரின் பெயர், இறந்த அத்தியாயம், இறந்த காரணம் மூன்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் உள்ளே விடுவார்.

"கடல்கதைக்காரர்னு ஒருத்தர். அவரோட மாலுமி மூழ்கிச் செத்தவன். மனுஷன் ஒரு வாளித் தண்ணியோட வந்தார். அரை மணிக்கு ஒரு தடவை மாடிப்படிக்குப் போய்த் தலையில ஊத்திக்கிட்டு வருவார். காய்ஞ்சுட்டா யாருன்னு தெரியாதாம்!"

"ஐயோ!"

"அந்தக் காலத்துல எல்லார் கதையிலயும் மாரடைப்புதான். ஏழு பேர் நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு ஒரே மூலையில நின்னாங்க. யாருக்கு வலி அதிகம்னு அவங்களுக்குள்ளயே போட்டி. துப்பறியும் கதைக்காரர் முதுகுல கத்தியோட வந்தார். இது யாருன்னு கேட்டா, 'நிறையப் பேர் இருக்காங்க, ஒருநாள் டைம் குடுங்க, எண்ணிச் சொல்றேன்'னார். நகைச்சுவை எழுதுற அம்மா ஒருத்தி இருந்தா. அவ கதையில யாருமே சாகலை. வாசல்லயே நிறுத்திட்டாங்க. என்ன பண்ணினா தெரியுமா? படியில உக்காந்து நாலு வரி எழுதினா. அவ கதாநாயகியோட வீட்டுக்காரரு வாழைப்பழத்தோல்ல வழுக்கி விழுந்து காலி. 'பத்து வருஷமா கைவசம் இருந்த யோசனைதான், இன்னிக்குத்தான் சந்தர்ப்பம் கிடைச்சுது'ன்னு சொல்லிக்கிட்டே உள்ள வந்தா."

சின்னவள் அடுப்பைத் தணித்தாள். அவளுக்கும் அந்த நாள் நினைவிருந்தது. அப்போது வயது ஏழு. காகிதக் கட்டுகளின்மேல் போர்வை விரித்து அவளைப் படுக்கவைத்திருந்தார்கள். நனைந்த மாலுமி நனைந்த கேக்கை அவளுக்கு ஊட்டினார். கத்தியால் குத்தப்பட்டவர் குனிந்து, கைப்பிடியை இழுத்துப் பார்க்கச் சொன்னார். ஏழு மாரடைப்புக்காரர்களும் அவளைக் கைமாற்றிக் கைமாற்றித் தூக்கிக்கொண்டு ஆடினார்கள். பத்து வயதுவரை, உலகத்திலேயே உற்சாகமானவர்கள் செத்துப்போனவர்கள்தாம் என்று அவள் நம்பியிருந்தாள். இத்தனை பெரிய கூட்டம், இவ்வளவு சிரிப்பு, திறந்த மாடி, வீட்டுக்குப் போகலாம் என்று யாரும் சொல்லாத பொழுது. அப்படி ஒன்று அவள் வாழ்வில் மறுபடி வாய்க்கவில்லை.

"நீங்க யாரா வந்தீங்கம்மா?"

"நானா? வெளியூர்ல வேலை கிடைச்ச பொண்ணு. இருபத்து மூணாம் அத்தியாயம். வேலை ஆர்டரை உடையில குண்டூசியால குத்திக்கிட்டுப் போனேன்."

காபி வழிந்து மேசையில் ஓடியது. சின்னவள் துணியைத் தேடினாள்.

"எப்படிச் செத்தா?"

"ஸ்டேஷனுக்குப் போற வழியில. லாரி. வாசகர்கள் என்னைத் திட்டாத திட்டில்லை. விருந்துல சாப்பாட்டுக்கு முன்னாடி அந்தப் பழைய ஆசிரியர் எல்லாரையும் வரிசையா நிறுத்தி, 'ஏன் கொன்னீங்க?'ன்னு கேட்டார். பொய் சொன்னா மணி அடிப்பார். 'கதைக்குத் தேவைப்பட்டது'ன்னு ஒருத்தர். மணி. 'விதி'ன்னு ஒருத்தர். மணி. அடிச்சு அடிச்சு அவர் கை ஓய்ஞ்சுபோச்சு. என் முறை வந்தது. நான் சொன்னேன்: 'அவ போயிட்டா அந்த வீட்ல கதை நடத்த ஆள் இல்லை. போகாதேன்னு சொல்ல எனக்கு வாய் வரலை. போன்னு சொல்லவும் வரலை. கொன்னுட்டேன்.'"

"மணி அடிச்சாரா?"

"அடிக்கலை." அம்மாவின் குரல் தணிந்தது. "மணியை எடுத்து மேசைக்கு அடியில வெச்சுட்டார். மாரடைப்புக்காரங்க ஏழு பேரும் நெஞ்சை விட்டுட்டுக் கை தட்டினாங்க. என் நாற்பது வருஷத்துல அது மாதிரி ஒரு கைதட்டல் வாங்கினதில்லை."

சின்னவள் காபியைக் கொண்டுவந்து வைத்தாள். அம்மா அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. அவர் இன்னும் அச்சக மாடியில்தான் இருந்தார். சுவர்க் கடிகாரம் மூன்று நாற்பது காட்டியது.

ஆசிரியர் குறிப்பேட்டை மூடினார், ஆனால் எழுந்திருக்கவில்லை.

"அம்மா, அந்தப் பதிவேடு இன்னும் ஆபீஸ்ல இருக்கு."

"இருக்காம? அந்த ராத்திரியோட அது வழக்கமாயிடுச்சே. தொடர்ல யார் செத்தாலும் அதுல ஏத்தணும். புது அத்தியாயம் வந்தா ஒத்துப் பாத்துத்தான் அச்சுக்கு அனுப்பணும்."

"கொஞ்ச நாளா யாரும் ஒத்துப் பாக்கலைம்மா. தப்பு எங்க மேலயும்தான்." ஆசிரியர் தம் பையிலிருந்து கடிதக்கட்டு ஒன்றை எடுத்தார். "எண்பத்து மூணாம் அத்தியாயத்துல பெரிய மாமா வீட்டுக்கு வந்து காபி குடிக்கிறார். சர்க்கரை கம்மின்னு கோவிச்சுக்கறார்."

"யாரு?"

"பெரிய மாமாம்மா. பன்னிரண்டாம் அத்தியாயத்துல குளியலறையில வழுக்கி விழுந்து செத்துப்போனவர்."

"நூத்து முப்பது கடிதம் வந்திருக்கு," என்று ஆசிரியர் தயக்கத்தோடு ஒன்றைப் பிரித்தார். "'செத்தவருக்குச் சர்க்கரை கம்மியா இருந்தால் என்ன, கூட இருந்தால் என்ன?'ன்னு ஒருத்தர். இன்னொருத்தர், 'பன்னிரண்டாம் அத்தியாயத்தில் நாங்கள் அழுதது வீண்தானா?'ன்னு."

சின்னவள் மனத்துக்குள் பன்னிரண்டாம் அத்தியாயத்தைத் தேடினாள். பதினொன்று நினைவிருந்தது. பதின்மூன்று வேறோர் ஊரில், வேறொரு வீட்டில் ஆரம்பித்தது. நடுவில் ஒன்றுமில்லை. பிறகுதான் புரிந்தது. அந்த ஒரு வாரம் அவள் இந்த வீட்டில் இல்லை. கடை அவளைப் பயிற்சிக்காக வெளியூருக்கு அனுப்பியிருந்தது, ஆறு நாள். பிறந்ததிலிருந்து அவள் தனியாக வெளியே தங்கிய ஆறு நாள் அவைதாம். அந்த ஆறு நாளில்தான் பெரிய மாமா செத்திருக்கிறார்.

அம்மா இரு கைகளையும் மடியில் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துக்கொண்டார். நடுக்கத்தை மறைக்க அவர் அப்படித்தான் செய்வார்.

"வயசாச்சும்மா," என்றார். "மறந்துபோச்சு."

இத்தனை வருடங்களில், கதையைப் பற்றி அம்மா அந்த வார்த்தையைச் சொல்லிச் சின்னவள் கேட்டதில்லை. மூன்றாம் அத்தியாயத்தில் உடைந்த தேநீர்க் கோப்பை எழுபதாம் அத்தியாயத்தில் முழுசாக இருந்தால் படிப்பதை நிறுத்தச்சொல்லும் பெண்மணி அவர்.

"அதெல்லாம் பரவாயில்லைம்மா." ஆசிரியரின் குரலில் மெய்யான பரிவு இருந்தது. "நாங்க யோசிச்சோம். உங்களுக்கு ஓய்வு வேணும். நாலு வாரத்துல கதையை அழகா முடிச்சுக்கலாம். ஆண்டுமலர்ல விருந்து நினைவும் வரும், உங்களுக்கு ஒரு நன்றி அறிவிப்பும் வரும். மரியாதையா இருக்கும்."

வெளியூருக்கான கதவு தானாகவே திறந்துகொண்டது. சின்னவள் செய்யவேண்டியது ஒன்றே: பேசாமல் இருப்பது. நான்கு வாரத்தில் கதை தீரும். வாராவாரம் வியாழக்கிழமை அத்தியாயம் கொடுப்பதும் தீரும். கிழவிக்கு நினைவு தப்பிவிட்டது என்று ஊர் இரண்டு நாள் பேசும், பிறகு மறந்துவிடும். அம்மாவே வழிவிட்டிருக்கிறார்.

அவள் காபியைப் பார்த்தாள். ஆடை படிந்துகொண்டிருந்தது. அது முழுவதும் மூடுகிற வரை பேசாமலிருந்தாள்; அதற்குமேல் முடியவில்லை.

"அம்மா மறக்கலை. அதை எழுதினது நான்."

"சின்னவளே, உன்னை யாரும் கேக்கலை."

"முப்பத்தெட்டுலேருந்து எல்லாமே நான்தான் எழுதறேன். பன்னிரண்டை நான் படிக்கவே இல்லை. எண்பத்து மூணை அம்மாவுக்குப் படிச்சுக் காட்டியிருந்தா அங்கயே பிடிச்சிருப்பாங்க. அந்த வாரம் நான் படிச்சுக் காட்டலை."

ஆசிரியருடைய முகம் விளக்குப் போட்டதுபோல மலர்ந்தது.

"அக்கா! அந்த ஆஸ்பத்திரிக் காட்சி நீங்களா? அந்த மருமக சாவியைத் திருப்பிக் குடுக்கறது நீங்களா? எங்க ஆபீஸ்ல அதைப் படிச்சுட்டு அச்சுக் கோக்கறவர் அழுதார்! ஏன் இத்தனை நாள் சொல்லலை? இதை முடிக்கவே வேண்டாம். உங்க பேரைப் போடறோம். நூத்தைம்பது அத்தியாயம் போகட்டும். அடுத்த தொடரும் உங்களுதுதான். வாரம் தவறாம நான் நேர்ல வந்து வாங்கிக்கறேன்!"

திறந்த கதவு, பாராட்டோடு சாத்தப்பட்டது.

மணி நான்கு ஐந்து. அந்த நேரம் பார்த்துப் பெரியவன் வந்தான். சின்னவளுக்கு ஆறு வயது மூத்த அண்ணன். காரோட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி நடத்துகிறான். பத்து நிமிட தூரத்தில் குடியிருப்பு. வாரத்துக்கு ஒரு வருகை.

"இந்த லிஃப்ட்டை எப்பத்தான் சரிபண்ணுவாங்களோ! மூணாவது மாடி வரைக்கும் முதல் கியர்லயே ஏறினேன். என்ன, எல்லாரும் பிரேக் போட்ட மாதிரி உக்காந்திருக்கீங்க?"

ஆசிரியர் ஒரே மூச்சில் விஷயத்தைச் சொன்னார். பெரியவன் தங்கையின் தோளைத் தட்டினான்.

"பிரமாதம்! அம்மாவோட எழுத்து வீட்டைவிட்டுப் போகலை பாரு. எனக்கு இப்பத்தான் நிம்மதி. பகல்ல கடை, சாயங்காலம் கதை, கூடவே அம்மா. எல்லாம் ஒரே ரோட்ல போகுது. நல்லா ஓடற வண்டியில யாராவது டிரைவரை மாத்துவாங்களா?"

"டிரைவரை யாரும் கேக்கலையேண்ணா."

"என்ன கேக்கணும்?"

அவள் பதில் சொல்வதற்குள் அம்மா பேசினார். அதுவரை அவர் சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எண்பத்து மூணை எனக்கு ஏன் படிச்சுக் காட்டலை?"

"தூங்கிட்டிருந்தே."

"நான் தூங்கினா எழுப்பிப் படிப்பே. ஒருநாள்கூட விட்டதில்லை. அன்னிக்கு என்ன ஆச்சு?"

அம்மாவிடம் பொய் சொல்லலாம். பொய்யின் தேதி, நேரம், காரணம் மூன்றும் பொருந்தவேண்டும். சின்னவளுக்கு அன்று அந்தத் தெம்பு இல்லை. கைப்பையைத் திறந்து, கடிதத்தை எடுத்துப் பிரித்து, அம்மாவின் மடியில் வைத்தாள்.

"அன்னிக்கு இது வந்தது. அஞ்சு மணிக்குள்ள பதில் சொல்லணும். இன்னிக்கு."

அம்மா படித்தார். காகிதம் அவர் கையில் படபடத்தது. ஆனாலும் முதல் வரியிலிருந்து கடைசிக் கையெழுத்துவரை ஒன்றுவிடாமல் படித்தார். பெரியவன் எட்டிப் படித்துவிட்டு நிமிர்ந்தான்.

"வேண்டாம்னு எழுதிட்டே, இல்லை?"

"இல்லை."

"இன்னும் எழுதலையா? அப்ப உடனே போன் பண்ணிச் சொல்லு. அவங்க காத்துக்கிட்டிருப்பாங்க, பாவம்."

"வேண்டாம்னு சொல்லணும்னு யார் சொன்னது?"

"யாராவது சொல்லணுமா? அம்மாவை யாரு பாத்துப்பாங்க?"

"நீ."

"நானா? எனக்குக் காலையில ஆறு மணிக்கு முதல் வகுப்பு. சாயங்காலம் ஏழுவரைக்கும் வகுப்பு. வீடு, பசங்க, எனக்குன்னு ஒரு..."

அவன் பாதியில் நிறுத்திக்கொண்டான். அவளுக்கென்று என்ன இருக்கிறது என்று அவன் கேட்கவில்லை. அதற்குப் பதில் அந்த அறையிலிருந்த நான்கு பேருக்கும் தெரிந்திருந்தது. ஆசிரியர் தம் பையை மடியில் வைத்து அதன் வாரைத் திருகிக்கொண்டிருந்தார். கிளம்பினால் நாகரிகம், ஆனால் கால்மணி நேரத்துக்கு முன்பு நூற்றைம்பது அத்தியாயம் கேட்டவர் அவர்தான். எழுந்துபோக அவருக்கும் வழியில்லை.

"அந்த ஊர்ல தங்க இடம் யார் பாக்கறா?" என்றார் அம்மா.

"கடைக்கு மேலயே ஒரு அறை தர்றாங்களாம்."

"தனியாவா?"

"தனியாத்தான்."

"நீ பயிற்சிக்குப் போன வாரம் நினைவிருக்கா? ஆறு நாள். மூணு வேளையும் ரொட்டி. பேச ஆள் இல்லை. எழுத உக்காந்தேன். கோபம் கோபமா வந்தது. கைக்கு அகப்பட்டவனைக் கொன்னேன். அந்தப் பெரிய மாமா எனக்கு ஒரு பாவமும் பண்ணலை." அம்மா கடிதத்தைப் பழைய மடிப்பிலேயே மடித்தார். "நீ இல்லாம ஆறு நாளுக்கே ஒரு சாவு. ரெண்டு வருஷம்னா அந்த வீட்ல யாரும் மிஞ்சமாட்டாங்க."

பெரியவன் சிரித்துவிட்டான். வேறு யாரும் சிரிக்கவில்லை.

"பாத்தியா, அம்மாவே சொல்லிட்டாங்க."

"நான் ஒண்ணும் சொல்லலைடா. மணி என்ன?"

"நாலு நாற்பது."

"பெரியவனே, பேனாவை எடு."

"எதுக்கு?"

"எடுன்னா எடு. மேசையில காகிதம் இருக்கு. உக்காரு. நான் ஒரு வாக்கியம் சொல்றேன், எழுது."

"அம்மா, என் எழுத்தை எனக்கே படிக்கத் தெரியாது. லைசென்ஸ் பாரத்துல என் கையெழுத்தைப் பாத்துட்டு, மை கொட்டிடுச்சான்னு கேக்கறாங்க."

"'மழை விட்டபின்பும் மருமகள் குடையை மடக்கவில்லை.' எழுது."

நாற்பத்துநான்கு வயது மனிதன், நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதினான். அம்மா காகிதத்தை வாங்கிப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"கோழி நடந்த மாதிரி இருக்கு. இருந்தாலும் எழுத்து நிக்குது. என் எழுத்து நிக்கிறதே இல்லை."

"அம்மா, விளையாடறியா?"

"நாற்பது வருஷத்துல எப்ப விளையாடினேன்?"

பிறகு அவர் மகளின் பக்கம் திரும்பினார். அவர் முகத்தில் கோபமும் இல்லை, இளக்கமும் இல்லை. நேரத்துக்குள் முடிக்கவேண்டிய வேலையைப் பார்க்கிற முகம் அது.

"போன்னு சொல்ல எனக்கு இப்பவும் வாய் வரலை. என்கிட்ட அதை எதிர்பாக்காதே. நீயே போன் பண்ணு. நான் சன்னல் பக்கம் திரும்பிக்கறேன். கேக்காத மாதிரி இருக்கேன்."

சொன்னபடியே நாற்காலியை இழுத்துத் திருப்பிக்கொண்டார். வாரிவிட்ட தலையின் பின்புறம் மட்டும் தெரிந்தது.

சின்னவள் எண்ணை அழுத்தினாள். மறுமுனை வேறொருவரோடு பேசிக்கொண்டிருந்தது. நாலு நாற்பத்தேழு. மறுபடி அழுத்தினாள். அதே ஓசை. பெரியவன் பேனாவை வைக்க மறந்து கையிலேயே பிடித்திருந்தான். ஆசிரியர், "என்னோட போன்ல பாருங்கக்கா," என்று மெல்ல நீட்டினார். அதிலும் அதே ஓசை. ஆசிரியரின் தொலைபேசியையும் தன் தொலைபேசியையும் இரண்டு கையில் பிடித்துக்கொண்டு அவள் சமையலறைக்கும் முன்னறைக்கும் இடையே நடந்தாள். நான்கு எட்டு, திரும்ப நான்கு எட்டு. அந்த வீட்டின் நீளம் அவ்வளவுதான். இத்தனை ஆண்டுகளில் அவள் அதை எண்ணியதில்லை.

நாலு ஐம்பத்துமூன்றுக்கு மறுமுனையில் ஒரு பெண் குரல் கேட்டது.

"சொல்லுங்க."

சின்னவள் தன் பெயரையும் கிளையையும் சொன்னாள். மறுமுனை பொறுமையாக, "என்ன முடிவு பண்ணியிருக்கீங்க?" என்று கேட்டது.

"வர்றேன்."

"சத்தமாச் சொல்லுங்க, சரியாக் கேக்கலை."

"வர்றேங்க. ஒண்ணாம் தேதி வேலையில சேர்றேன்."

சன்னல் பக்கம் திரும்பியிருந்த தலை அசையவில்லை. ஆனால் மடியிலிருந்த கைகள் ஒன்றையொன்று விட்டுவிட்டு, நாற்காலியின் இரு கைப்பிடிகளையும் தனித்தனியாகப் பற்றிக்கொண்டன.

"நீயாச் சொன்னியா, அவங்க சொல்லச் சொன்னாங்களா?" என்று அம்மா, திரும்பாமலேயே கேட்டார்.

"நானாத்தான்மா."

"சரி."

பெரியவன் தலையைப் பிடித்துக்கொண்டான். "என்னடி, இண்டிகேட்டர்கூடப் போடாம திரும்பிட்டே!"

"இருபத்தொரு நாளாப் போட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். பின்னாடி வந்தவங்க யாரும் பாக்கலை."

இரட்டைப் பிறவி என்று ஒன்றைக் கொண்டுவந்து பெரிய மாமாவைச் சமாளித்துவிடலாமா என்று ஆசிரியர் கேட்டுப் பார்த்தார். "என் கதையில அந்த அசிங்கம் நுழையாது," என்று அம்மா ஒரே வரியில் அதைத் தள்ளினார். அதற்குப் பின் நடந்த பேச்சு ஆறு மணிவரை நீண்டது. அதில் இரண்டு முறை குரல்கள் உயர்ந்தன; ஒரு முறை பெரியவன் கோபித்துக்கொண்டு முதல் மாடி வரை இறங்கிவிட்டுத் திரும்ப ஏறி வந்தான்.

கடைசியாகத் தீர்மானமானவை இவை. எண்பத்து மூன்றாம் அத்தியாயத்தில் நேர்ந்தது பிழை என்றும், அந்தக் காபிக் காட்சியை வாசகர்கள் நீக்கிவிட்டுப் படிக்கவேண்டும் என்றும், சாக்குச் சொல்லாமல் அடுத்த இதழில் அறிவிப்பு வரும். முப்பத்தெட்டாம் அத்தியாயம்முதல் எழுதியவர் மகள் என்பதும் அதிலேயே இருக்கும். தொடர் நூறாவது அத்தியாயத்தோடு நிறைவு பெறும், நூற்றைம்பது கிடையாது, அடுத்த தொடரும் இப்போதைக்குக் கிடையாது. எண்பத்தாறு, எண்பத்தேழு, எண்பத்தெட்டு ஆகிய மூன்றையும் சின்னவள் புறப்படுமுன் எழுதிக்கொடுத்துவிட வேண்டும். மீதிப் பன்னிரண்டையும், செவ்வாய், புதன் இரண்டு நாளும் மாலை ஏழரைக்கு மேல் அம்மா சொல்வார், பெரியவன் எழுதுவான். மார்ச் முப்பதாம் தேதி இரவு ரயிலில் சின்னவள் கிளம்புவாள். மாதம் ஒருமுறை வந்து போவாள். அம்மாவால் இறங்க முடியாது என்பதால், பெரியவன் தன் குடும்பத்தோடு இந்த மூன்றாம் மாடி வீட்டுக்கே குடிவருவான்.

பெரியவனின் மனைவிக்கு இதில் எதுவும் தெரியாது. அவளிடம் யார் சொல்வது என்பது மட்டும் அன்று தீர்மானிக்கப்படவில்லை.